பூசாவும் கோதுமையும் தமிழரும்

தலைநகர்வாழ் தமிழ்க் குடும்பத்தார்க்குப் 'பூசா' என்னும் சொல் பெரும்பாலும் ஒரு சாலையின் பெயராகவே பழக்கமாகியிருக்கிறது. கரோல்பாக்கில் வந்து குடியேறிய முதல் தலைமுறையினர் அச்சாலை வழியே அலுவலகம் சென்று மீண்டனர். அவர்தம் மக்களும் பேரரும் அதன்மேல் ஓடும் மெட்ரோ வண்டியில் அமர்ந்து செல்கின்றனர். அச்சாலையைத் தாண்டி மேற்கே சிறிது தொலைவு சென்றால், மாநகரின் இரைச்சலுக்கு நடுவே நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்பில் பயிர் விளைந்து நிற்பதைக் காணலாம். மாசித் திங்களில் பச்சைப் பட்டு விரித்தாற்போலவும், பங்குனி முடிவில் பொன் காய்ச்சி ஊற்றினாற்போலவும் தோன்றும் அவ்வயல்கள், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்திற்கு உரியவை. அவ்வயல்கள் டில்லிக்கு வந்த வரலாறு யாது, அதில் தமிழர்க்கு உள்ள பங்கு யாது, இன்று மாறிவரும் பருவநிலையின் முன் அவ்வயல்கள் ஏன் கடுஞ்சோதனைக்கு ஆளாகி நிற்கின்றன என்பவற்றைச் சங்க அன்பர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூசா என்பது முதலில் டில்லிக்குரிய பெயரே அன்று. பீகாரில், கண்டகி ஆறு பாயும் செழுநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. அங்கே அரசாங்கத்திற்குக் குதிரைப் பண்ணை ஒன்று நெடுங்காலமாக இருந்தது. 1905ஆம் ஆண்டில், கர்சான் பிரபு வைசிராயாக இருந்தபோது, ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் ஈந்த நன்கொடையின் உதவியால் அவ்விடத்தில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. பிப்ஸின் பெயரையும் அவர்தம் நாட்டின் பெயரையும் ஒட்டியே 'பூசா' என்ற பெயர் பிறந்தது என்று வேடிக்கையாகக் கூறுவோர் உண்டு. ஊரின் பெயர் அந்தச் செல்வருக்கு மிகவும் முந்தியது. கதை சுவையாக இருக்கிறது என்பதற்காக வரலாறு ஆகிவிடாது. 1934ஆம் ஆண்டு ஜனவரியில் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தில் அந்நிலையத்தின் பெருங்கட்டடம் சிதைந்தது. 1936இல் நிலையம் டில்லிக்கு மாற்றப்பட்டபோது, தான் பிறந்த ஊரின் பெயரையும் உடன் கொண்டு வந்துவிட்டது. நம்மவர் பலர் தத்தம் ஊர்ப்பெயரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னே சுமந்து இங்கு வந்ததுபோல என்று கூறலாம்.

பழைய பூசாவில் பணியாற்றியவருள் ஒருவரை இங்கே சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். அவர் ஆல்பர்ட் ஹோவர்டு. 1905இல் பயிரியல் அறிஞராக வந்த அவர், தம் துணைவியாரும் பயிர்நூல் வல்லவருமான கேப்ரியேல் அம்மையாருடன் சேர்ந்து கோதுமையை ஆராய்ந்தார். பூசா 4, பூசா 12 முதலான கோதுமை வகைகள் அவ்விருவர் உழைப்பின் பயன். ஆயினும் அவர் புகழ் விதையால் நின்றதைவிட மண்ணால் நின்றதே மிகுதி. ஐரோப்பிய நூல்களில் கற்றதை இந்நாட்டு உழவர்க்குப் போதிக்க வந்தவர், சில ஆண்டுகளில் அவ்வுழவரையே தமக்கு ஆசிரியராகக் கொண்டார். பூச்சியும் நோயும் பயிரைத் தாக்குவது, மண்ணின் நலம் குன்றியதைக் காட்டும் அறிகுறியே என்னும் முடிவுக்கு வந்தார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது தழை, வைக்கோல், சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, நீர் தெளித்து, இடையிடையே கிளறி மூன்று திங்களில் மக்கிய எருவாக்கும் முறையை ஒழுங்குபடுத்தி உலகிற்கு அளித்தார். 'இந்தூர் முறை' என்று இன்றும் அது வழங்கப்படுகிறது.

ஹோவர்டுக்கும் முன்னரே இதே உண்மையை வேறொருவர் கண்டு சொல்லியிருந்தார். 1889ஆம் ஆண்டு இறுதியில் அரசாங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க இந்தியா வந்த வோல்க்கர் என்னும் வேதியியல் அறிஞர், ஓராண்டுக்கு மேல் நாடெங்கும் சுற்றினார். இந்திய உழவனுக்கு அறிவு போதாது என்று எழுதுவார் என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். நல்ல நிலையில் உள்ள இந்திய உழவன் ஆங்கில உழவனுக்குச் சிறிதும் தாழ்ந்தவன் அல்லன் என்றும், அவனுக்கு இல்லாதவை நீரும் எருவுமே என்றும் 1893இல் வெளியான தம் அறிக்கையில் எழுதினார். விறகு கிடையாமையால் சாணம் வரட்டியாகி அடுப்பில் எரிகிறது. மண்ணுக்குச் சேரவேண்டியது புகையாகப் போகிறது என்பதும் அவர் கண்டு வருந்திய செய்தி. இந்தப் புகையை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதியில் வேறு உருவில் அது மீண்டும் வரும்.

வட இந்திய வேளாண்மையில் தமிழகத்தின் கை முதன்முதல் பட்டது கோதுமையில் அன்று, கரும்பில். வடநாட்டுக் கரும்பு மெலிந்தது. வறட்சியையும் பனியையும் தாங்கும், ஆனால் சாறு குறைவு. தென்னாட்டுக் கரும்பு பருத்தது. சாறு மிகுதி, ஆனால் வடநாட்டுக் குளிரில் நில்லாது. இவ்விரண்டின் நலனையும் ஒன்றாக்க வேண்டுமாயின் கரும்பு பூத்து வித்து உண்டாக வேண்டும். வடக்கே கரும்பு அரிதாகவே பூத்து வித்துத் தரும். கோயம்புத்தூரில் நன்கு பூக்கும். ஆகவே 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அங்கே பார்பர் என்னும் ஆங்கிலேயரும், அவர்க்குத் துணையாக இருந்து பின்னர்த் தலைமையேற்ற டி. எஸ். வெங்கட்ராமனும் செய்த செயல் வியப்புக்குரியது. உழவர் கண்டாலே பிடுங்கி எறியும் நாணற்புல்லை அவர்கள் கரும்புடன் மணம் கூட்டினர். அப்புல்லின் வன்மையும் கரும்பின் இனிமையும் சேர்ந்து பிறந்த 'கோ 205' என்னும் வகை 1918இல் பஞ்சாப் வயல்களுக்குச் சென்றது. அதன் பின் வந்த 'கோ' வகைகள் கங்கைச் சமவெளி முழுவதும் பரவின. 'கோ' என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து என்பதை அறியாமலே இலட்சக்கணக்கான வடநாட்டு உழவர் அப்பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். புரட்டாசி, ஐப்பசித் திங்களில் யமுனைக் கரையில் வெண்சாமரம் வீசினாற்போலப் பூத்து நிற்கும் புல்லைக் கண்டிருப்பீர்கள். அந்தப் புல்லினமே இந்நாட்டுச் சர்க்கரையின் ஒரு முப்பாட்டன்.

இனிக் கோதுமைக்கு வருவோம். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் உணவின்றி மாண்டனர். அச்செய்தி, கும்பகோணத்து மருத்துவர் ஒருவரின் மகனாகிய இளைஞரின் வாழ்வைத் திருப்பியது. மருத்துவம் பயிலப்போகிறார் என்று இல்லத்தார் எண்ணியிருக்க, எம். எஸ். சுவாமிநாதன் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். 1947இல் டில்லிப் பூசாவுக்கு மாணவராக வந்தார். போலீஸ் உத்தியோகத்திற்குத் தேர்வாகியும் அதனை வேண்டாவென்று விடுத்து, வெளிநாடு சென்று கற்று, 1954இல் ஆராய்ச்சியாளராகப் பூசாவுக்கே மீண்டார்.

அன்றைய கோதுமையின் குறை அதன் உயரம். நம் ஊரில் பழைய நெற்பயிர் கதிர் கனத்தால் சாய்ந்து சேற்றில் படுப்பதைக் கண்டிருப்போர்க்கு இது எளிதில் விளங்கும். மண்ணில் உள்ள சத்துக்கு ஏற்ப விளைந்த காலத்தில் உயரமான தாள் குறையன்று. கால்நடைக்குத் தீனியும் கூரைக்கு வேய்ச்சலும் அதுவே. ஆனால் மிகுதியாக உரமிட்டால் தாள் மேலும் வளர்ந்து, கதிரைத் தாங்கமாட்டாமல் விழுந்துவிடும். ஜப்பானில் 'நோரின் 10' என்ற குட்டைக் கோதுமை இருந்தது. அதன் குட்டைத்தன்மையை மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் என்னும் அமெரிக்கர் நல்ல விளைச்சல் தரும் கோதுமையில் ஏற்றியிருந்தார். அவரை இந்தியாவுக்கு அழைக்கப் பூசா ஏற்பாடு செய்தது. 1963இல் அவர் வந்து வயல்களைச் சுற்றிப் பார்த்துச் சென்றார்; விதைகளும் வந்து சேர்ந்தன. டில்லியின் வடமேற்கு எல்லையில் உள்ள ஜௌண்டி என்னும் சிற்றூரின் உழவர்கள் அவ்விதையை ஏற்று வளர்த்து, பெருக்கி, பிற ஊர்களுக்கு வழங்கினர். மாநகர் வளர்ந்து அணைத்துக் கொண்டுவிட்ட அந்த ஊரைப் பற்றித் தலைநகரில் வாழும் நாமே அதிகம் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

விதை மட்டும் வந்தால் போதுமா? புதிய கோதுமைக்குப் புதிய பழக்கங்கள் வேண்டியிருந்தன. நெடிய கோதுமையை உழவர் ஆழமாக விதைத்தனர். மேல்மண் உலர்ந்திருந்தாலும் அடியிலுள்ள ஈரத்தில் அது முளைத்து மேலே வந்துவிடும். குட்டைக் கோதுமையின் முளைக்குருத்தைப் பொதிந்த உறையும் குட்டையாதலின், ஆழத்தில் விதைத்தால் முளை மண்ணைப் பிளந்து வெளிவர இயலாது. மேலாக விதைக்க வேண்டும். மேல்மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். விதைத்து இருபத்தொரு நாள் அளவில், வேர் ஊன்றும் பருவத்தில், தவறாமல் நீர் பாய்ச்ச வேண்டும். வானத்தை நம்பியிருந்த பயிர் வாய்க்காலையும் கிணற்றையும் நம்பும் பயிராக மாறியது இவ்விடத்தில்தான். பிற்காலத்துத் துன்பங்களில் பாதிக்கு இதுவே வித்து என்பது என் கருத்து.

1964இல் லால்பகதூர் சாஸ்திரியின் அமைச்சரவையில் உணவுத் துறையைப் பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் ஏற்றார். எவரும் விரும்பாத துறை அது. 1965இலும் 1966இலும் அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்தது. 8 கோடியே 90 இலட்சம் டன்னாக இருந்த உணவுத் தானிய விளைச்சல், ஒரே ஆண்டில் 7 கோடியே 20 இலட்சம் டன்னாகச் சரிந்தது. 1966இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் கப்பல் கப்பலாக வந்திறங்கியது. கப்பல் வந்தால் அடுப்பு எரியும் என்ற நிலை. திங்கட்கிழமை இரவு உணவைத் தவிர்க்குமாறு பிரதமர் நாட்டு மக்களை வேண்டினார். அரிசிச் சோறன்றி வேறறியாத எத்தனையோ தமிழ் இல்லங்களில் சப்பாத்திப் பலகையும் குழவியும் இடம்பெற்றது அக்காலத்தில்தான்.

இந்நிலையில், மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை வரவழைப்பதென்று சுப்பிரமணியம் முடிவு செய்தார். எதிர்ப்பு எல்லாப் பக்கத்திலிருந்தும் எழுந்தது. அந்நிய விதையை நம்புவதா என்றனர் ஒருசாரார். செல்வ உழவர்க்கே இது பயன்படும் என்றனர் மற்றொரு சாரார். அந்நியச் செலாவணி எங்கே என்று கேட்டார் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. தமிழர் இருவர் டில்லியில் கோதுமையைப் பற்றி வழக்காடிய விந்தை அது! சுப்பிரமணியம் தம் அரசாங்க மாளிகையின் புல்வெளியை உழுவித்து அங்கேயே குட்டைக் கோதுமையை விதைத்துக் காட்டினார். வேளாண்மைத் துறைச் செயலாளராக இருந்த பி. சிவராமன் திட்டத்தின் நிர்வாகச் சுமையைத் தாங்கினார். அமைச்சர், செயலாளர், அறிஞர் என மூவரும் தமிழர். மூவரும் அரிசி உண்ணும் நாட்டினர். மூவரும் பாடுபட்டது கோதுமைக்காக.

1966இல் விதை வந்தது. 1968 வேனிலில் ஒரு கோடியே 65 இலட்சம் டன் கோதுமை விளைந்தது. அதற்கு முன் கண்ட மிக உயர்ந்த விளைச்சல் ஏறத்தாழ ஒரு கோடியே 23 இலட்சம் டன்னே. தானியத்தை வைக்க இடமின்றிப் பள்ளிக்கூடங்களை மூடிக் களஞ்சியமாக்கினர். அவ்வாண்டு ஜூலையில் 'கோதுமைப் புரட்சி' என்று பொறித்த அஞ்சல் தலை வெளியாயிற்று. மெக்ஸிகோ கோதுமையின் செந்நிறம் நம் மக்களுக்குப் பிடிக்கவில்லை என்பதால், அதிலிருந்து பொன்னிற மணி தரும் கல்யாண் சோனா, சோனாலிகா முதலிய வகைகளை இந்நாட்டு அறிஞர் தேர்ந்தெடுத்தனர். இத்தனைக்கும் வழிகோலிய சுப்பிரமணியமோ 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழகத்தில் தோல்வியுற்றிருந்தார். அரிசிப் பஞ்சத்தின் சினம் அவரைத் தாக்கியது. கோதுமையின் மகிழ்ச்சி ஓராண்டு பிந்தி வந்தது.

இம்மட்டோடு நிறுத்திவிட்டால் இது ஒரு வெற்றிக் காவியமாக முடிந்துவிடும். விழா மலர்களில் பலரும் அவ்வாறே முடிக்கின்றனர். ஆனால் அந்த 1968ஆம் ஆண்டு ஜனவரியில், அறுவடைக்கும் முன்னரே, காசியில் கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டில் சுவாமிநாதன் ஆற்றிய உரையை யாரும் மறைக்கலாகாது. மண்ணின் வளத்தைக் காவாமல் மேன்மேலும் பயிரிட்டால் நிலம் பாலையாகும் என்றார். வடிகால் இன்றிப் பாசனம் செய்தால் உவர் பூக்கும் என்றார். பூச்சிமருந்தைக் கண்டபடி தெளித்தால் உணவிலும் நஞ்சு சேரும் என்றார். நிலத்தடி நீரை வரைமுறையின்றி எடுத்தால் அச்செல்வம் விரைவில் தீரும் என்றார். ஊர்தோறும் வழங்கிய பல வகைகளை நீக்கி ஒன்றிரண்டு வகையை மட்டும் நாடெங்கும் விதைத்தால் ஒரே நோய் அனைத்தையும் அழிக்கும் என்றும் கூறினார். தாம் ஏற்றிய விளக்கின் அடியில் உள்ள நிழலைத் தாமே சுட்டிக் காட்டிய அறிஞர் உலகில் மிகச் சிலரே. அந்த உரையைக் கேட்டோர் கைதட்டினர் என்றே கொள்வோம். கேட்டு நடந்தார் இலர்.

நடந்தது வேறு. கோதுமைக்கும் நெல்லுக்கும் அரசாங்கம் விலை உறுதி செய்து கொள்முதல் செய்தது. பயறுக்கும் கடலைக்கும் அத்தகைய உறுதி நடைமுறையில் இல்லை. முன்பு பஞ்சாப் உழவர் கோதுமையோடு கடலையையும் கடுகையும் கலந்து விதைப்பர். மழை குறைந்தால் கடலை காப்பாற்றும். கடலையின் வேர் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அது மறைந்தது. 1960ஆம் ஆண்டளவில் பஞ்சாபில் நெல் விளைந்த நிலம் சுமார் 2.3 இலட்சம் ஹெக்டேர். இன்று 30 இலட்சம் ஹெக்டேருக்கு மேல். காவிரிக் கழனியில் ஆற்று நீர் நிறைந்து நிற்க விளைந்த பயிரை, வைகாசி ஆனி வெய்யிலில், ஆழ்குழாய்க் கிணற்று நீரால் விளைவிக்கலாயினர். 1997 முதல் உழவுக்கு மின்சாரமும் இலவசம். இன்று பஞ்சாபில் ஓராண்டு மழையால் நிலத்தடியில் ஊறும் நீரைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஆண்டுதோறும் இறைக்கப்படுகிறது. பாட்டன் வெட்டிய கிணறு வற்றி, தந்தை இறக்கிய குழாயும் எட்டாமல், மகன் கடன் வாங்கி மேலும் ஆழத்தில் குழாய் இறக்குகிறான்.

நீரைக் காக்க 2009இல் பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் சட்டம் இயற்றினர். கடும் வெய்யிற் காலத்தில் நாற்று நடலாகாது. ஜூன் பாதியில், மழை நெருங்கும்போதே நடவேண்டும் என்பது அதன் சாரம். நல்ல நோக்கந்தான். ஆனால் நடவு பிந்தினால் அறுவடையும் பிந்தும். பூசாவிலேயே உருவாகி 1993இல் வெளிவந்த 'பூசா 44' என்னும் நெல் மிகுந்த விளைச்சல் தருவது. அதனால் பஞ்சாபில் பேரளவில் பரவியது. விளைய சுமார் 160 நாள் எடுத்துக்கொள்வது. ஜூன் பாதியில் நட்ட அந்நெல் அக்டோபர் முடிவில்தான் அறுவடைக்கு வரும். கோதுமையை நவம்பர் பாதிக்குள் விதைத்தாக வேண்டும். இடையில் உள்ளவை இரண்டு மூன்று வாரங்களே. அதற்குள், அறுவடை இயந்திரம் விட்டுச் சென்ற தாளை அகற்றும் விரைவான வழி ஒரு தீக்குச்சி.

தஞ்சையிலும் நெல்லையிலும் பிறந்தவர்க்கு இச்செய்தி நம்புதற்கரிது. வைக்கோலை எரிப்பதா! நம் ஊரில் வீட்டின் செல்வத்தை வைக்கோற்போரின் உயரத்தைக் கொண்டன்றோ மதிப்பர்! ஆனால் பஞ்சாபில் மாட்டுக்குத் தீனி கோதுமைத் தவிடும் கோதுமைத் தாளின் பொடியும். அங்கு விளையும் பெருநெல்லின் வைக்கோலில் மணற்சத்து மிகுதி என்று அதனை மாட்டுக்கு இடத் தயங்குவர். நெல்லைக் கொண்டு சென்ற நாட்டிற்கு நெல்லோடு சேர்ந்த வாழ்க்கை முறை செல்லவில்லை. ஆகவே ஐப்பசியில் வயல்கள் எரிகின்றன. வடமேற்குக் காற்று அப்புகையை டில்லிக்கு ஏந்தி வருகிறது. குளிர்ந்த காற்று அதனைத் தரையோடு அழுத்தி வைக்கிறது. டில்லியின் வண்டிகளும் ஆலைகளும் கட்டட வேலைகளும் எழுப்பும் மாசோடு அதுவும் கூடுகிறது. பள்ளிகள் மூடப்படுவதும், குழந்தைகள் இருமுவதும், முதியோர் காலை உலாவை நிறுத்துவதும் நம் குடியிருப்புகளில் ஆண்டுதோறும் காண்பவை. வோல்க்கர் கண்ட அடுப்புப் புகை நூற்றாண்டு கடந்து வானளாவி வளர்ந்து வந்தது போலும்.

உழவரைப் பழிப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். கொள்முதல் விலையால் நெல்லின்பால் ஈர்த்தவரும், மின்சாரத்தை இலவசமாக்கியவரும், நடவு நாளைத் தள்ளிவைத்தவரும் உழவர் அல்லர். நகரத்தாராகிய நமக்கு மலிவான கோதுமையும் அரிசியும் கிடைப்பதற்காக நெய்யப்பட்ட வலையில் அவர்களும் சிக்கியிருக்கின்றனர். அதேபோல, எல்லாக் கேட்டுக்கும் சுவாமிநாதனே காரணம் என்று தூற்றுவதும், தமிழர் என்பதற்காக அவர் செய்தவை அனைத்தும் குற்றமற்றவை என்று போற்றுவதும் ஆராய்ச்சிக்குப் பொருந்தா. 1966இல் மெக்ஸிகோ விதையை மறுத்திருந்தால் மாண்டிருக்கக்கூடிய உயிர்களை எண்ணாமல் தீர்ப்புக் கூறலாகாது. அப்பெரியார் 1990இல் 'என்றும் பசுமை மாறாத புரட்சி' வேண்டும் என்று கூறி, இயற்கைக்கு ஊறின்றி விளைச்சலைப் பெருக்கும் நெறியை வலியுறுத்தினார். 2004 முதல் 2006 வரை உழவர் ஆணையத்தின் தலைவராக இருந்து, விளைவிக்கும் செலவோடு அதில் பாதியையும் சேர்த்து உழவர்க்கு விலை கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். 2020, 2021ஆம் ஆண்டுகளில் டில்லி எல்லைகளில் பஞ்சாப், ஹரியாணா உழவர் ஓராண்டுக்கும் மேலாக அமர்ந்திருந்தபோது அவர்கள் வாயில் அடிக்கடி ஒலித்த பெயர்களுள் ஒன்று கும்பகோணத்து மைந்தருடையது.

இவற்றோடு இப்போது வானமும் மாறத் தொடங்கிவிட்டது. கோதுமை குளிர்காலப் பயிர். மார்ச்சுத் திங்களில் கதிரில் பால் ஏறி மணி முற்றும். அப்போது வெப்பம் மிகுந்தால் மணி நிறையுமுன்னரே பயிர் பழுத்துவிடும். கதிர் இருக்கும், எடை இராது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு, 1901 முதல் கணக்கெடுத்த ஆண்டுகளில் இந்தியா கண்ட மார்ச்சுகளுள் மிக வெப்பமானது. அறுவடைக்கு முன் 11 கோடி டன்னுக்கு மேல் கோதுமை விளையும் என்று மதிப்பிட்டிருந்த அரசாங்கம் அம்மதிப்பைக் குறைக்க நேர்ந்தது. மே 13ஆம் நாள் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. நெல் பிந்தினால் கோதுமை விதைப்புப் பிந்தும். விதைப்புப் பிந்தினால் மணி முற்றும் காலம் வெப்பத்தில் சிக்கும். ஜூன் திங்களில் நடும் நாற்றுக்கும் மார்ச்சுத் திங்களில் சுருங்கும் கோதுமை மணிக்கும் உள்ள தொடர்பு இதுவே.

இதற்கு மாற்றுகள் இல்லாமல் இல்லை. 120 நாள் அளவில் விளைந்துவிடும் 'பூசா பாசுமதி 1509' 2013இல் வெளிவந்தது. 'பூசா 44' நெல்லை விலக்கப்போவதாகப் பஞ்சாப் அரசாங்கம் 2023இல் அறிவித்தது. நெல்தாள் நிற்கும்போதே அதன் நடுவே கோதுமையை விதைத்துச் செல்லும் 'ஹேப்பி சீடர்' என்ற கருவி உண்டு. எரிக்கப்படாத தாள் மண்மேல் மூடாக்காகக் கிடந்து ஈரத்தைக் காத்து வெப்பத்தைத் தணிக்கிறது. தாளை மக்கச் செய்யும் பூஞ்சைக் கலவை ஒன்றையும் பூசா அறிஞர் ஆக்கியுள்ளனர். 2020இல் டில்லி வயல்களில் அது தெளிக்கப்பட்டது. ஆனால் அது வேலை செய்ய ஏறத்தாழ மூன்று வாரம் வேண்டும். ஹோவர்டு தம் எருக்குவியலுக்கு மூன்று திங்கள் அவகாசம் தந்தார். பஞ்சாப் உழவனிடம் இல்லாத பொருள் அந்த அவகாசம் ஒன்றே. ஆதலால் பூஞ்சையைக் காட்டிலும் குறுகிய கால நெல்லும், பயறுக்கு நெல்லைப்போல் உறுதியான விலையுமே முதலில் வேண்டும் என்று கூறத் துணிகிறேன்.

சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28இல் சென்னையில் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. சுப்பிரமணியம் அதனை 1998இலேயே பெற்றிருந்தார். அவர்கள் உழுது சென்ற பூசாவில் இன்று நடைபெறும் ஆராய்ச்சி, ஒருவகையில், அவர்கள் வருகைக்கு முந்திய கோதுமையைத் தேடிச் செல்கிறது. அவ்வளாகத்தில் உள்ள தேசிய மரபணு வங்கியில் நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட பயிர்வகைகளின் விதைகள் உறைகுளிரில் காக்கப்படுகின்றன. ஊர்கள் கைவிட்ட நெடிய கோதுமைகளும் அவற்றுள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், 20,000க்கு மேற்பட்ட கோதுமை வகைகளை வெளியே எடுத்து ஹரியாணாவில் ஹிசார் நகர வயல்களில் ஒரே பருவத்தில் விதைத்து, ஒவ்வொன்றின் இயல்பையும் குறித்துக் கொண்டனர். வெப்பத்தைத் தாங்குவது எது, குறைந்த நீரில் மணி பிடிப்பது எது என்னும் தேடலுக்கு அக்குறிப்பே முதல். அக்டோபரிலேயே விதைத்து, மார்ச்சு வெப்பத்திற்கு முன் முற்றிவிடக்கூடிய 'எச்.டி. 3385' என்ற கோதுமையைப் பூசா 2023இல் அறிமுகப்படுத்தியது, 'எச்.டி.' என்பதில் உள்ள இரண்டாம் எழுத்து டில்லியைக் குறிக்கும். தாளின் குட்டைத்தன்மையை இழக்காமல், முளைக்குருத்தின் உறை மட்டும் பழைய கோதுமையைப்போல் நீண்டிருக்கச் செய்யும் வேறு மரபணுக்களையும் இந்நாட்டு அறிஞர் பயிரில் ஏற்றி வருகின்றனர். அவ்வகை வயலுக்கு வருமாயின், மேல்மண் காய்ந்து கிடக்கும் ஆண்டிலும் உழவன் தன் பாட்டனைப்போல் ஆழமாக விதைத்து, அடியிலுள்ள ஈரத்தைக் கொண்டே முளைப்பிக்கலாம்.